தொடர்கொலை விசாரணைத் திரைக்கதை எழுதுவது எப்படி? குமரி மாவட்டத்தில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடித் திரைக்கதை படிப்போம். எழுதியவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் தொடர்கொலைக் கதைதான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நாற்பதாவது பக்கத்தைத் தாண்டுவதில்லை. நானே இரண்டை அப்படிப் பாதியில் விட்டிருக்கிறேன். மூன்றாவதைத்தான் முடிக்க முடிந்தது.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லோரும் கொலைகாரனிலிருந்து தொடங்குகிறார்கள். அவன் முகமூடி, அவன் சிரிப்பு, அவன் சிறுவயதுக் கதை. அதெல்லாம் தீர்ந்ததும் போலீஸ் என்ன செய்யும் என்று தெரியாமல் பேனா நின்றுவிடுகிறது. இந்த வகைப் படத்தை இழுத்துப் போவது விசாரணை. யாருக்கு, எந்த நாளில், எதன் வழியாக, என்ன தெரிய வருகிறது என்ற கணக்குதான் படம். அந்தக் கணக்கை எந்த வரிசையில் போடுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கடைசிவரை ஒரே கற்பனைக் கதையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றிப் போகும் ஒரு வேன் டிரைவர். விடிகாலையில் தனியாகக் குளிக்கப் போகும் வயதான பெண்கள் மூன்று பேர். மூன்று சாவும் ‘கால் தவறி விழுந்தது’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

1. உட்காரும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில் தீர்ப்புகள். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கொலை மேல்முறையீடுகளில் கொடுத்த தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பத்துத் தீர்ப்பைப் பொறுமையாகப் படியுங்கள். பிணத்தை முதலில் பார்த்தவர் யார், ஸ்டேஷனுக்குப் போனவர் யார், இன்ஸ்பெக்டர் எத்தனை மணிக்கு வந்தார், மகசரில் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பத்திரம்) கையெழுத்துப் போட்டது யார் என்று ஒரு முழு விசாரணையும் சாட்சி வரிசைப்படி அதில் இருக்கும். விடுதலையான வழக்குகளைத் தவறவிடாதீர்கள். விசாரணை எங்கே ஓட்டையாகிறது என்பது அவற்றில்தான் தெரியும். அந்த ஓட்டைகள்தான் உங்கள் காட்சிகள்.

அடுத்து முதல் தகவல் அறிக்கைகள். 24 மணி நேரத்துக்குள் இவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏழெட்டு அறிக்கைகளை வாசித்தால் போலீஸ் எழுத்தின் நடை காதில் ஏறிவிடும். அதில் வரும் பெயர்களையும் குடும்பங்களையும் தொடாதீர்கள். நடை மட்டும் போதும்.

மூன்றாவது, மாவட்ட வரைபடம் ஒன்று, காகிதத்தில். நான்காவது, கதை நடக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் காலண்டர். ஐந்தாவது, ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர், முடிந்தால் ஸ்டேஷனின் எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டராக இருந்தவர். பெரிய அதிகாரிகள் ஜெயித்த வழக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் காகிதம் எந்த மேஜைக்கு எப்போது போகும், எங்கே கிடந்து மக்கும் என்பது ரைட்டருக்குத்தான் தெரியும்.

இந்த ஐந்தும் இல்லாமல் எழுதத் தொடங்கினால், ஏற்கெனவே பார்த்த படங்களிலிருந்துதான் எடுத்து எழுதுவீர்கள். குமரி மாவட்டக் கதையில் ‘போலீஸ் கமிஷனர்’ வந்து நிற்பது அப்படித்தான். இங்கே காவல்துறைக்கு எஸ்.பி.தான் தலை.

2. நடந்ததை முதலில் எழுதுங்கள், காட்டப்போவதை அப்புறம்

திரைக்கதையைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டில் உண்மையில் நடந்ததை மட்டும் நாள், நேரம், இடம் போட்டு எழுதுங்கள். யாருக்கும் காட்டாத பக்கங்கள் இவை. நம் கதைக்கு இப்படி வரும்:

2023 நவம்பர், சுசீந்திரம் பக்கம் ஒரு குளம். வடகிழக்குப் பருவமழை, படி முழுக்கப் பாசி. முதல் சாவு.

2024 ஜூன், தக்கலை பக்கம் சானல், அதாவது பாசனக் கால்வாய். தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கிறது, தண்ணீர் வேகம். இரண்டாவது.

2025 ஆகஸ்ட் கடைசி வாரம், கேரள எல்லை தாண்டிப் பாறசாலை பக்கம் ஒரு கோயில் குளம். அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 5. பூ வேன் ஓயாமல் ஓடும் நாட்கள். மூன்றாவது.

இதை எழுதி முடித்ததும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். தோவாளை, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, திருவனந்தபுரம் என்று வேன் போகும் பாதை ஒரே கோடு. இரண்டாவது புள்ளியும் மூன்றாவது புள்ளியும் கோட்டை ஒட்டி விழுகின்றன. முதல் புள்ளி விழவில்லை. சுசீந்திரம் கன்னியாகுமரி போகும் சாலையில் இருக்கிறது.

புதியவர்கள் இதைப் பார்த்ததும் முதல் கொலையை நகர்த்திக் கோட்டில் வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஏன் விலகி நிற்கிறது என்று கேளுங்கள். அவன் வீடு அந்தப் பக்கம். முதல் தடவை அவன் திட்டம் போடவில்லை, தெரிந்த இடத்தில், தெரிந்த மனுஷியிடம் நடந்துவிட்டது. கோட்டில் இல்லாத அந்தப் புள்ளிதான் கடைசியில் அவன் வீட்டுக்கு வழி காட்டப்போகிறது. நோட்டில் எழுதிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. நேராகக் காட்சி எழுதியிருந்தால் தெரிந்திருக்காது.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். தோவாளையில் மூன்றரைக்கு வேன் கிளம்பினால், காலிச் சாலையில் பாறசாலைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். ஐந்து மணிக்கு அங்கே. குளக்கரையில் இருபது நிமிஷம். அப்படியானால் திருவனந்தபுரத்துப் பூக்கடைக்கு அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம். கடைக்காரர் வரவு நேரத்தை நோட்டில் குறிக்கிறவராக இருந்தால், ஒரு தடயம் தானாகவே பிறந்துவிட்டது.

3. கொலைகாரனின் தொழிலை முடிவு செய்யுங்கள்

அவன் மனசைப் பற்றி யோசிக்கும் முன் அவன் பிழைப்பைப் பற்றி யோசியுங்கள். விடிகாலை நாலு மணிக்கு ஒருவன் சாலையில் நின்றால் யாரும் ஏன் என்று கேட்காத தொழில் எது? பூ வேன், மீன் லாரி, ரப்பர் பால் வெட்டு, பால் வண்டி. அந்தத் தொழில்தான் அவன் மறைந்துகொள்ளும் இடம். அதன் கணக்குப் புத்தகங்களே பிறகு அவனைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து இரண்டு விஷயத்தைப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, கொலையைச் செய்து முடிக்க அவன் செய்வது: தனியாக இருக்கும் நேரம் பார்ப்பது, தண்ணீரில் அமுக்குவது. இது சூழலுக்குத் தக்க மாறும். இன்னொன்று, கொலைக்குத் தேவையே இல்லாமல் தனக்காகச் செய்வது. இது மாறாது. நம் கதையில் அவன் இறந்தவரின் இடது மணிக்கட்டில் ஒரு வாழைநாரைக் கட்டிவிடுகிறான். அவர் கொண்டுவந்த சோப்புப் பெட்டியை எடுத்துப் போய்விடுகிறான்.

இந்த இரண்டாவது விஷயம் சின்னதாக, அந்த ஊரில் யார் வீட்டிலும் இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். சுவரில் ரத்தத்தால் விடுகதை எழுதி வைத்தால் அடுத்த நாளே ஊரெல்லாம் தெரிந்துவிடும், அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? நார் அப்படியில்லை. பூ கட்டுகிற வீட்டில் நாரை நனைத்து வைப்பார்கள். ஈரமாக இருக்கும்போது நூல் மாதிரி வளையும், நகத்தால் கீறினால் நீளமாகக் கிழியும். காய்ந்ததும் விறைத்துத் தோலில் பதியும். குளத்திலிருந்து எடுத்த கிழவியின் கையில் அதைப் பார்க்கிறவர், பூ கட்டிக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்துக் கடந்து போவார். ஆனால் முடிச்சு? ஒரு கையால் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாத முடிச்சு. அதை யார் கவனிக்கிறார் என்பதில் உங்களுக்கு ஒரு நல்ல காட்சி இருக்கிறது.

காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவயதில் அம்மா அடித்தாள் என்ற ஐந்து நிமிஷ நினைவுக் காட்சியை எழுதிவிட்டால் கொலைகளுக்கு ரசீது கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா அடித்த எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டு ஒழுங்காக இருக்கிறார்கள். அவன் பழக்கங்களைக் காட்டுங்கள், சோப்புப் பெட்டியைத் துடைத்து வைப்பதைக் காட்டுங்கள். மீதியைப் பார்க்கிறவர்கள் யோசிக்கட்டும்.

4. இத்தனை நாள் யாருக்கும் ஏன் தெரியவில்லை?

திரைக்கதையின் முதுகெலும்பு இந்தப் படி. இதற்குப் பதில் இல்லாமல் ஐந்தாவது படிக்குப் போகாதீர்கள்.

உண்மை வழக்குகளில் கொலைகாரனைப் பிடிப்பதைவிடக் கஷ்டம், தொடர்கொலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான். கர்நாடகத்தில் சயனைடு மோகன் என்று பெயர் பெற்றவன் 2003 முதல் 2009 வரை 20 பெண்களைக் கொன்றதாக வழக்கு. ஒவ்வொருவரையும் அவர் ஊரிலிருந்து வேறு ஊருக்குக் கூட்டிப் போனான். உடல் கிடைத்தது அந்த வேற்றூர்ப் பஸ் நிலையக் கழிப்பறையில். அங்கே ‘அடையாளம் தெரியாத பெண், இயற்கைக்கு மாறான மரணம்’. சொந்த ஊரில் ‘பெண் காணவில்லை’. இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. 2009-ல் பண்ட்வாள் பக்கத்துப் பெண் ஒருவர் காணாமல் போன வழக்கில் போன் அழைப்புகளைத் தொடர்ந்து போனபோதுதான் நூல் கிடைத்தது.

கேரளத்துக் கூடத்தாயியில் 2002-க்கும் 2016-க்கும் நடுவில் ஒரே உறவு வட்டத்தில் ஆறு சாவுகள். அதில் 2011-ல் நடந்த சாவில் சயனைடு இருந்தது பிரேதப் பரிசோதனையிலேயே தெரிந்திருக்கிறது. தற்கொலை என்று மூடிவிட்டார்கள். ஆறையும் போலீஸ் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது 2019-ல்.

நம் கதையில் தடுப்பு எது? மூன்று சாவு, மூன்று ஸ்டேஷன், இரண்டு மாநிலம். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் நீரில் மூழ்கி இறந்தார் என்று சொல்வார். வழுக்கி விழுந்தாரா, அமுக்கினார்களா என்பதை, காயம் எதுவும் இல்லாதபோது, அவரால் சொல்ல முடியாது. மழைக்காலம், பாசிப்படி, எழுபது வயசு. யாருக்குச் சந்தேகம் வரும்?

இன்னொரு தடுப்பு சட்டத்தில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சந்தேக மரணம் 174-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா. அதில் 194. நம் முதல் இரண்டு சாவும் 174-ல் இருக்கும். மூன்றாவது 194-ல், அதுவும் மலையாளத்தில். எண்ணை வைத்துத் தேடுகிற ஆளுக்குக்கூட மூன்றும் சேர்ந்து வராது. புதியவர்கள் 2025-ல் நடக்கும் கதையில் ‘302-ல கேஸ் போடு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் எண். இப்போது கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. பழைய ஏட்டு ஒருவர் வாய் தவறி 302 என்று சொல்வது வேறு, அது அழகு.

தடுப்பு இப்படி என்றால் அதை உடைக்கும் ஆள் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது: மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு விளவங்கோட்டுக்கார ஏட்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு பழைய தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. எல்லையோர வீடுகளில் மலையாள எழுத்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் வேறொரு திருட்டு வழக்குக்காகப் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போகிறார். மேஜையில் கிடந்த மகசரில் ‘வாழநார்’ என்ற சொல் அவர் கண்ணில் படுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுசீந்திரத்துக் குளக்கரையில் அதே சொல்லைத் தமிழில் எழுதியது அவர் கை.

இது தற்செயல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். விசாரணையைத் தொடங்கி வைக்க ஒரு தற்செயல் இருக்கலாம். விசாரணையை முடித்து வைக்கத் தற்செயல் வரக் கூடாது.

5. விசாரிக்கிறவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று முடிவு செய்யுங்கள்

சந்தேக மரணத்தை எஸ்.ஐ. அளவிலேயே விசாரித்து முடிக்கலாம். கொலை வழக்கு என்று மாறினால் இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். ஸ்டேஷன் எல்லை தாண்டினால் டி.எஸ்.பி., எஸ்.பி., தனிப்படை. மாநில எல்லை தாண்டினால் கடிதம், பேச்சு, காத்திருப்பு.

நாயகன் எந்தப் படியில் இருக்கிறானோ, அதற்கு மேலே இருக்கிற ஒவ்வொரு படியும் அவனுக்கு ஒரு கதவு. எஸ்.பி.யை நாயகனாக வைத்தால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும், பதற்றம் வராது. நம் கதையில் ஏட்டுக்குச் சந்தேகம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. அவருடைய இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இருக்கிறது, நம்பிக்கை இல்லை. மூடிய இரண்டு வழக்கைத் திறப்பது என்றால் ஏற்கெனவே மூடியவர்களுக்குத் தலைவலி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் முதல் பாதி ஓடும். இன்ஸ்பெக்டரைக் கெட்டவராக்கத் தேவையில்லை. திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. வருகை, நிலுவை வழக்குகள் இவையே அவரை நியாயமாகத் தடுக்கும்.

நாயகனுக்குக் குடிப்பழக்கம், செத்துப்போன மனைவி என்று புதியவர்கள் முதலிலேயே மாட்டிவிடுகிறார்கள். வழக்கோடு சம்பந்தமில்லாத சோகம் எதற்கு? முதல் மகசரை எழுதியது அவரே. நாரைப் பார்த்தும் கேள்வி கேட்காமல் எழுதி மூடியவர். அந்தக் குறுகுறுப்பு போதும்.

6. தடயங்களை ஏணிப்படி மாதிரி அடுக்குங்கள்

இப்போதுதான் விசாரணையை எழுதத் தொடங்குகிறோம். ஒரு தடயத்துக்கு ஒரு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் நாலு வரி: எங்கிருந்து கிடைத்தது, கிடைக்க எத்தனை நாள் ஆனது, எதைக் காட்டியது, எதைத் தப்பாகக் காட்டியது. நாலாவது வரி காலியாக இருந்தால் அந்தத் தடயம் மெலிந்தது. ஒவ்வொரு தடயமும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த படிக்குப் போகக் காரணம் இருக்கும்.

தடயத்தில் மூன்று வகை வைத்துக்கொள்கிறேன்: காகிதம், ஆள், கருவி. மூன்றும் மாறி மாறி வர வேண்டும். தொடர்ந்து போன் டவர் காட்சிகளாக வந்தால் படம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நகரும். தொடர்ந்து ஆள் விசாரணையாக வந்தால் நாடகம் மாதிரி ஆகிவிடும்.

காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. மகசர் அங்கே இருந்ததை எழுதும், இல்லாமல் போனதை எழுதாது. நார் காகிதத்தில் இருக்கிறது. சோப்புப் பெட்டி இல்லை. ஆகவே சோப்புப் பெட்டி ஆளிடமிருந்துதான் வர வேண்டும். ஏட்டு இரண்டு வருஷம் கழித்து முதல் வீட்டுக்குப் போகிறார். மகள் சாயா கொடுக்கிறாள். அவர் நாரைப் பற்றிக் கேட்கிறார், அவளுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது வாசலில் சொல்கிறாள்: “எனக்க அம்மைக்கு நீச்சல் தெரியும் சாரே. அன்னைக்கே சொன்னேன், நீங்க எழுதேல.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த சோப்புப் பெட்டியையாவது தந்திருக்கலாம்” என்கிறாள். ஸ்டேஷனில் இருக்கிறது என்று அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் எடுக்கவே இல்லை.

ஒரு தடயம் இப்படித்தான் வர வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதிலாக வராமல், அவர் செய்த தவறின் மேல் அவளுக்கிருக்கும் குறையாக வருகிறது. ஒரே வரியில் வழக்கும் நகர்கிறது, ஆளும் நகர்கிறார்.

கருவிக்கு வருவோம். போன் அழைப்புப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி வந்தது. நம் முதல் சாவு 2023 நவம்பர். ஏட்டுக்குப் பொறி தட்டுவது 2025 செப்டம்பர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் அந்த விடிகாலைப் பதிவு அழிந்துபோகலாம். மூடிய வழக்கைத் திறந்தால்தான் பதிவைக் கேட்க முடியும். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு திறக்கும். வெடிகுண்டு எதுவும் இல்லாமல் படத்துக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. சின்னக் கடைகளின் சி.சி.டி.வி.யோ சில வாரங்களில் தன் மேல் தானே எழுதி அழித்துக்கொள்ளும். ஆகவே பழைய சாவுகளுக்குக் கேமராக் காட்சி தேடி எடுத்ததாக எழுதிவிடாதீர்கள்.

ஆய்வக முடிவுகள் மறுநாள் காலையில் வருவதாக எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களை வெட்டி எறியாதீர்கள். காத்திருக்கும்போதுதான் விசாரிக்கிறவர் தப்பான ஆளைச் சந்தேகிப்பார், வீட்டில் எரிந்து விழுவார், கொலைகாரன் வேன் அவரைக் கடந்து போகும்.

7. தப்பான சந்தேகம் யார் மேல்?

இதில் எனக்குக் கண்டிப்பான கருத்து இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளி, காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்பு, மனநலம் சரியில்லாதவர், திருநங்கை என்று சந்தேகத்தைத் திருப்புவது எளிது. பார்க்கிறவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையை நாம் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் ‘அவர் இல்லை’ என்று சொல்வதால் சேதம் சரியாகிவிடாது. சந்தேகம் செய்கையிலிருந்து வரட்டும். நம் கதையில் தாயின் நிலத்துக்காகச் சண்டை போட்ட மருமகன் இருக்கிறான். சாவு நடந்த அன்று எங்கே இருந்தான் என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்கு வேறு காரணம் இருக்கிறது, அது வெளிவந்தால் ஒரு குடும்பம் உடையும். சந்தேகம் நீங்கும்போதும் ஏதாவது ஒன்று போக வேண்டும்.

உண்மைக் கொலைகாரன் முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது திரையில் வந்துவிட வேண்டும், பெயரில்லாமலாவது. விடிகாலையில் ஏட்டு சாயா குடிக்கிற கடைமுன் வேனை நிறுத்திப் பிச்சிப்பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கலாம். கடைசி அரை மணியில் புது ஆளைக் கொண்டுவந்து இவன்தான் என்றால் அதுவரை கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்.

8. பார்வையாளருக்கு எப்போது சொல்வது?

இரண்டு வழி. கடைசிவரை மறைப்பது ஒன்று. பாதியில் காட்டிவிட்டு, ஏட்டு எப்போது கண்டுபிடிப்பார் என்று தவிக்க விடுவது இன்னொன்று. முதல் வழியில் ஒவ்வொரு காட்சியும் இரண்டு தடவை பார்த்தாலும் பொருந்த வேண்டும். இரண்டாவது வழியில் அந்தச் சுமை இல்லை, ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்க வேண்டும்.

முதல் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். அவன் பூ வேனில் ஏட்டுக்கு லிஃப்ட் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் என்று நமக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பத்து கிலோமீட்டர் போதும்.

9. செத்தவர்களை உயிரோடு காட்டுங்கள்

மூன்று பேருக்கும் தலா இரண்டு காட்சி, உயிரோடு. பிணமாக அரைக் காட்சிகூட வேண்டாம்.

மகன் துபாயில், வீடியோ காலில் முகம் பாதி தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிற அம்மை. மரச்சீனி அவித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பாட்டி. குளியலறை வீட்டில் இருந்தும் குளத்துக்கே போகிற பிடிவாதம். இப்படித் தெரிந்துகொண்டால்தான் அவர் சோப்புப் பெட்டியோடு படியிறங்கும்போது பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும். இருட்டில் தண்ணீர்ச் சத்தம் போதும். அதற்கு மேல் காட்டுவது படத்தைப் பலமாக்குவதில்லை.

10. ஊரைப் பின்னணியாக வைக்காதீர்கள், வேலை வாங்குங்கள்

குமரியில் கதை என்றதும் விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சூரிய உதயம் என்று மூன்று ட்ரோன் ஷாட் எழுதிவிடுகிறார்கள். கதைக்கு அவை எதுவும் செய்யவில்லை. இரண்டு பருவமழையும் விழுகிற மாவட்டம் என்பது செய்கிறது. வருஷத்தில் பல மாதம் படி வழுக்கும், விபத்து என்றால் ஊர் நம்பும். கோயில் பாட்டும், பாங்கும், கோயில் மணியும், தேவாலய மணியும் விடிகாலையில் அடுத்தடுத்துக் கேட்கிற ஊர் என்பது செய்கிறது. சாட்சிக்குக் கடிகாரம் தேவையில்லை. “பாங்கு சொல்லி முடிஞ்ச பிறகுதான் வேன் போச்சு” என்று நேரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்.

பேச்சையும் ஒரே மாதிரி எழுதாதீர்கள். அகஸ்தீஸ்வரத்துப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு இன்னும் வேறு. எல்லோர் வாயிலும் ‘மக்கா’வைப் போட்டால் குமரித் தமிழ் ஆகாது. தெரியாத பகுதியின் பேச்சை அங்கேயே பிறந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

11. பிடிபடுவது வேறு, நிரூபிப்பது வேறு

கடைசிக் காட்சியில் கொலைகாரன் ஸ்டேஷனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், படம் முடிகிறது. நான் கேட்ட திரைக்கதைகளில் பெரும்பாலும் இப்படித்தான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. அவன் சொன்னதை வைத்துப் போய் எடுத்த பொருள் இருக்கிறதே, அதுவும் அதைப் பற்றி அவன் சொன்ன பகுதியும் மட்டும் செல்லும். பழைய 27-வது பிரிவு.

ஆகவே உச்சக்கட்டத்தை வாக்குமூலத்தில் வைக்காதீர்கள், பொருளை எடுக்கும் இடத்தில் வையுங்கள். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கும் கூடவே ஓடட்டும். கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் சாட்சியாக நிற்க, போன் கேமராவில் பதிவு ஓட, அவன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்குகிறது. உள்ளே மூன்று சோப்புப் பெட்டி. ஒன்றின் மூடி விரிசல் விட்டிருக்கிறது, பழைய ஹவாய்ச் செருப்பு வாரை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். மகள் அதைப் பார்த்ததும் பேசத் தேவையில்லை. ஒட்டுப்போட்ட அந்த மூடியை நீங்கள் ஒன்பதாவது படியில், தாய் உயிரோடு இருக்கும் காட்சியில் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் இந்த இடம் வேலை செய்யாது. திரும்பிப் போய் எழுதிவிட்டு வாருங்கள்.

12. வாசித்துக் காட்டித் திருத்துதல்

முழுப் பிரதியையும் உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். விசாரிக்கிறவர் புதிதாக எதைச் சொன்னாலும், கேட்கிறவர் ‘இது அவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். முந்தைய பக்கத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாவிட்டால் அங்கே ஒரு காட்சி விட்டுப்போயிருக்கிறது, அல்லது நாயகனுக்கு ஞானதிருஷ்டி கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்த சுற்றில் இரண்டாவது படியில் எழுதிய நோட்டை எடுத்து வைத்து நாள், நேரம், மழை, பிரிவு எண் எல்லாவற்றையும் ஒத்துப் பாருங்கள். என் பிரதியில் ஒரு சாட்சி ஜூன் மாதச் சானல்கரையில் ‘காய்ந்த மண்ணில்’ டயர் தடம் பார்த்திருந்தார். இருபது பேர் படித்தும் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக, முதல் படியில் தேடிப் பிடித்த அந்த ஏட்டிடம் கொடுங்கள். நான் கொடுத்தவர் நாலு நாள் வைத்திருந்தார். வசனத்தைப் பற்றியோ முடிவைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. பரண் காட்சியில் விரலை வைத்து, “சோப்புப் பெட்டியை எதுல போட்டு சீல் வச்சீங்க? யாரு கையெழுத்து?” என்று கேட்டார். அரைப் பக்கம் சேர்த்தேன். காக்கிக் கவர், அரக்கு, உதவியாளர் நடுங்கும் கையோடு பெயர் எழுதுவது. இப்போது படத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரைப் பக்கம் அதுதான்.